பட்டா

பெயர்ச்சொல். ஒரு நிலத்துக்குத் தீர்வை செலுத்தும் பொறுப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதைக் காட்ட வருவாய்த் துறை தரும் சான்று.

வேர்: வடமொழி ‘பட்ட’. பலகை, தகடு, தகட்டில் பொறித்த அரசாணை என்று இதன் பொருள் விரிந்தது. செப்புப் பட்டயத்தில் வரும் ‘பட்டயம்’ இதற்கு உறவு. இந்தியில் ‘பட்டா’ என்றால் குத்தகைச் சீட்டு. சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ வளர்த்த ரயத்துவாரி முறையில், குடியானவரின் நிலத்தையும் தீர்வையையும் குறித்துக் கொடுத்த சீட்டுக்கு இப்பெயர் நிலைத்தது.

பேச்சில் ‘பட்டா நிலம்’ என்றாலே சொந்த நிலம். நீதிமன்றம் அப்படிக் கொள்வதில்லை. வருவாய்ப் பதிவு மட்டுமே உரிமையைத் தராது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. வழக்குத் தொடுத்தவர் கிரயம், பாகப்பிரிவினை, உயில் போன்றவற்றின் தொடர்ச்சியைத் தாய்ப்பத்திரம்வரை காட்ட வேண்டும். எதிராளியின் ஆவணத்தில் ஓட்டை இருப்பது மட்டும் அவருக்குப் போதாது. பட்டாவும் தீர்வை ரசீதும் அனுபவத்துக்குத் துணைச்சான்றாகும்.

விசாரணையில் பத்திரத் தொடர்ச்சியைக் காட்டாமல் விட்ட குறையை மேல்முறையீட்டில் சரிசெய்வது கடினம். முதல் மேல்முறையீட்டில் சாட்சியத்தை மறுபடி எடைபோடலாம். விட்டுப்போன பத்திரத்தைச் சேர்க்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 27இன்படி தக்க காரணம் வேண்டும். பிரிவு 100இன் கீழ் வரும் இரண்டாம் மேல்முறையீட்டில் முக்கியமான சட்டக் கேள்வி மட்டுமே எடுபடும்.

வழக்குத் தொடர்கள்: கூட்டுப் பட்டா, தனிப் பட்டா, பட்டா மாறுதல்.