வெப்பம் பழகிய உடலும் குளிருக்கு வந்த உடலும்

மலையகத்தின் குளிரைப் பற்றி எழுதியவர்கள் பலர். அந்தக் குளிருக்குள் வந்து சேர்ந்த மனித உடலுக்கு என்ன நேர்ந்தது என்று எழுதியவர்கள் சிலரே. நான் பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில் விளையாட்டுச் செய்தி ஒரு பக்கத்துக்கும் தோட்டத் தொழிலாளர் செய்தி வேறொரு பக்கத்துக்கும் போய்விடும். இங்கே இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகின்றேன்.

வெப்ப நாடொன்றில் போட்டியிடச் செல்லும் முன்னணி மெய்வல்லுநர்கள் இன்று பத்து முதல் பதினான்கு நாட்கள் வரை வெப்பத்தில் பயிற்சி பெறுகின்றனர். நாளொன்றுக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் போதுமானது. முதல் சில நாட்களிலேயே குருதியின் நீர்ப்பகுதி பெருகுகின்றது. அதே வேலைக்கு இதயம் முன்னளவு துடிக்க வேண்டியதில்லை. அதன்பின் வியர்வை விரைவாகவும் மிகுதியாகவும் சுரக்கின்றது. அதில் வெளியேறும் உப்பும் குறைகின்றது. ஆனால் இந்தப் பழக்கம் நிலையானதன்று. குளிர்ந்த இடத்தில் மூன்று, நான்கு வாரங்கள் இருந்தால் அதன் பெரும்பகுதி கரைந்துவிடும்.

இதன் அவசியத்தை உலகம் 2019 இல் டோஹாவில் கண்டது. உலக மெய்வல்லுநர் போட்டியின் பெண்கள் மரதன் ஓட்டத்தை வெயிலுக்கு அஞ்சி நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்போதும் வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டியிருந்தது. ஓடத் தொடங்கிய 68 பேரில் 40 பேர் மட்டுமே எல்லையை அடைந்தனர். அடுத்த மாதமே, டோக்கியோ ஒலிம்பிக்கின் மரதன் ஓட்டங்களை வடக்கே சப்போரோ நகருக்கு மாற்றுவதாக சர்வதேச ஒலிம்பிக் குழு அறிவித்தது.

இந்த அறிவு விளையாட்டு மைதானத்தில் பிறந்ததன்று. தென்னாபிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் 1920களில் தொழிலாளர்கள் வெப்பத் தாக்கத்தால் இறக்கத் தொடங்கினர். 1930களில் ட்ரியோஸ்டி என்ற மருத்துவர் சுரங்கத்துக்குப் புதிதாக வந்த கறுப்பினத் தொழிலாளர்களைச் சோதித்து, படிப்படியாக வெப்பத்துக்குப் பழக்கும் முறையை வகுத்தார். 1960களில் நீராவி நிறைந்த அறைகளில் அவர்களைக் கட்டைகளின் மீது மணிக்கணக்கில் ஏறி இறங்கச் செய்து பழக்கினார்கள். உயிர்கள் காக்கப்பட்டன என்பது உண்மை. சுரங்கத்தின் ஆழமும் இலாபமும் குறையாமல் காக்கப்பட்டன என்பதும் உண்மை. இரண்டாம் உலகப் போரில் பாலைவனப் படைகளுக்காகச் செய்த ஆய்வுகளும் இதனோடு சேர்ந்தன. இன்றைய ஓட்ட வீரரின் பயிற்சி அட்டவணைக்குப் பின்னால் பெயர் தெரியாத கூலிகளின் வியர்வை இருக்கின்றது.

இனி நம் மலைகளுக்கு வருவோம். வெப்பமண்டலத்தில் வெள்ளையன் உடல் நிலைத்திராது என்று 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் அஞ்சினர். ஆகவே ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1829 அளவில், கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உள்ள நுவரெலியாவில் நோயுற்ற படையினர் உடல்தேறும் நிலையம் அமைந்தது. வெயிலிலிருந்து தப்பித்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு மலையே கிடைத்தது.

அதே மலைக்குத் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்தவர்களின் கதை வேறு. மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலையேறினார்கள். 1841 முதல் 1848 வரை ஏறத்தாழ 70,000 பேர் இறந்திருக்கலாம் என்று 1849 இல் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை கணக்கிட்டது. அத்தொகை மிகையானது என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. மரணங்கள் மிகுதி என்பதை மறுப்பார் இல்லை. வாந்திபேதி, வயிற்றுளைச்சல், பட்டினி ஆகியவற்றோடு பழகாத குளிரும் ஈரமும் சேர்ந்துகொண்டன.

உடலியல் இங்கே ஒரு கொடுமையைச் சொல்கின்றது. தலைமுறை தலைமுறையாக வெயிலில் உழைத்தவனின் வெப்பப் பழக்கம் மலைக்கு வந்த ஒரு மாதத்தில் பெரும்பாலும் போய்விடும். அதற்கு ஈடாகக் குளிர் தாங்கும் வலிமை அதே வேகத்தில் வந்து சேராது. குளிருக்கு மனித உடல் பழகுவது மிகச் சொற்பம். உடையும் நெருப்பும் நிறைவான உணவுமே அவனைக் காக்க வேண்டும். தோட்டத்தில் அவனுக்குக் கிடைத்தது ஒரு கம்பளி. அதன் விலையும் அவன் பற்றுக் கணக்கில் எழுதப்பட்டது. கோப்பிக் காலத்தில் அறுவடை முடிந்து ஊர் திரும்பியவர்கள் பலர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டியது. ஆகவே உடலும் ஆண்டு முழுவதும் மலையிலேயே தங்கியது. லயன் அறையின் புகையும் தேநீரும் கொழுந்து பறிப்பவளின் தலைமேல் மடித்துப் போட்ட கம்பளியும் அவர்கள் தாமே கண்ட தற்காப்பு.

இப்போது பயணம் எதிர்த்திசையில் நடக்கின்றது. ஹட்டனின் சரிவுகளில் ஓடி வளரும் தோட்டத்துப் பிள்ளைக்கு மூச்சும் காலும் வலுவாக இருக்கும். ஆனால் கொழும்பின் புழுக்கத்தில் நீண்ட தூரம் ஓட வேண்டிய நாளில் அந்த வலு மட்டும் போதாது. முந்திய மாலை வந்திறங்கி மறுநாள் ஓடும் பிள்ளையை, அதே புழுக்கத்தில் வளர்ந்த பிள்ளையோடு ஒப்பிட்டுத் திறமையை அளப்பது நியாயமாகாது. பத்து நாட்கள் முன்னதாகத் தாழ்நிலத்தில் தங்க வைத்துப் பயிற்றுவது பெரிய செலவன்று. அதைச் செய்யப் பாடசாலைக்கோ பெற்றோருக்கோ வழியில்லை என்பதே சிக்கல்.

ஓடுபவர்களைவிட அதிகம் பேர் உழைக்கப் போகின்றார்கள். தோட்டத்து இளைஞர்கள் வளைகுடா நாடுகளின் கட்டட வேலைக்கு, குளிர்ந்த மலையிலிருந்து நேரே விமானம் ஏறுகின்றனர். கடும் வெப்பத்தில் புதிதாக வேலைக்கு வருபவர் முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வெயிலில் நிற்க வேண்டும், பின் நாளுக்கு நாள் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனத்தின் பரிந்துரை. கட்டார் அரசு 2021 இல் கோடை நண்பகல் வேலைத் தடையை நீட்டித்து, காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை என விதித்தது. நல்ல காரியம். ஆயினும் தடை முடிந்த பின்னும் வெயில் இருக்கின்றது. முதல் வாரத்து உடலுக்கு அது புதியதாகவே இருக்கின்றது.

பதக்கத்துக்காக ஓடுபவருக்கு உலகம் இரண்டு வாரம் தருகின்றது. அந்த இரண்டு வாரத்தின் பயனைக் கண்டறிய உதவியது தொழிலாளியின் உடல். சம்பளத்துக்காகப் போகும் நம் பிள்ளைக்கும் முதல் இரண்டு வாரத்தைக் குறைந்த வேலையோடும் முழுச் சம்பளத்தோடும் ஒப்பந்தத்தில் எழுதித் தரக் கேட்க வேண்டும். பாட்டனுக்குக் கடனாகக் கொடுத்த கம்பளியைப் போல், இதையும் அவன் கணக்கில் பற்று எழுதிவிடக் கூடாது.