கெய்ரோ வீதியில் ஒரு பள்ளிவாசல்

எட்டாம் வகுப்பில் ஈபிள் கோபுரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அத என்னத்துக்கு சேர் கட்டின?" என்று ஒரு பிள்ளை கேட்டது. கண்காட்சிக்கு வாசலாக என்றேன். வகுப்பே சிரித்தது. 300 மீற்றரில் ஒரு வாசலா!

1889ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் எல்லாமே அந்த அளவுதான். பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டுக்கென்று மே மாதம் திறந்தார்கள். மன்னனைக் கவிழ்த்த புரட்சிக்கு விழா என்பதால் ஐரோப்பிய முடியரசுகள் பல உத்தியோகபூர்வமாக ஒதுங்கிக்கொண்டன. அவற்றின் வியாபாரிகள் ஒதுங்கவில்லை. கட்டட வேலைகள், காட்சிப்பொருட்கள், நிதி என்று பொறுப்பை மூன்று பணிப்பாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது அரசு. இயந்திர மண்டபம் மட்டும் 420 மீற்றர் நீளம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. நடக்கமுடியாதவர்களுக்கு மைதானத்துக்குள்ளேயே சின்ன ரயில் ஓடியது. சுமார் ஆறு மாதத்தில் 3 கோடிக்கு மேற்பட்டோர் வந்துபோனார்கள்.

என் மனதில் நிற்பது கோபுரமோ மண்டபமோ அல்ல, 'கெய்ரோ வீதி'. அதைக் கட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். வீதிக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் மரச்சாளரங்கள், கடைகள், காயித்பே பள்ளிவாசலினதைப் போன்றதொரு மினாரா. கழுதைகளையும் ஓட்டிகளையும் எகிப்திலிருந்தே கொண்டுவந்து, காசுக்குச் சவாரி விட்டார்கள்.

அவ்வருடம் ஸ்ரொக்ஹோமில் கீழைத்தேயவியல் மாநாடு. அதற்குப் புறப்பட்ட எகிப்தியக் குழுவொன்று வழியில் பாரிஸில் இறங்கியது. தலைவர் முன்னாள் கல்வியமைச்சர் அப்துல்லாஹ் பிக்ரி; மகன் முஹம்மத் அமீன் பிக்ரியும் கூடப் போனார். பழைய கெய்ரோவைப்போலத் தெரியவேண்டுமென்று சுவர்ச் சாயத்தையும் அழுக்காக்கி வைத்திருந்தார்களாம். நம்மூரில் பள்ளிக்கு வெள்ளையடிக்கத்தான் காசு சேர்ப்போம். சுவரை அழுக்காக்கச் செலவழித்தவர்களை இங்கேதான் காண்கிறேன்.

பள்ளிவாசல் கதவைத் திறந்து உள்ளே போனார்கள். மிஹ்ராபும் இல்லை, மிம்பரும் இல்லை. வெளிமுகப்பு மட்டுந்தான் பள்ளிவாசல், உள்ளே கோப்பிக்கடை. எகிப்தியப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், தர்வேஷ்கள் சுழன்றுகொண்டிருந்தார்கள், சனம் கோப்பி குடித்துக்கொண்டு பார்த்தது. குழுவினர் அதற்குப்பிறகு அந்தப் பக்கம் போக விரும்பவில்லை.

இயந்திர மண்டபத்தில் இயந்திரம் இயந்திரமாகவே ஓடியது, உள்ளும் புறமும் ஒன்றுதான். 1882 முதல் பிரித்தானியப் படைகளின் கையிலிருந்த எகிப்துக்குத்தான் வெறும் முகப்பு.

அமீன் பிக்ரி ஊர் திரும்பிப் பயணநூல் எழுதினார். இந்த அவமானமும் அதில் இருக்கிறது. நூலின் பெயர், ஐரோப்பாவின் சிறப்புகளுக்கு அறிவுடையோரை வழிகாட்டுதல் என்று பொருள்படும்.