கணினி விளையாட்டுகளில் சட்டக வீதக் குறைவு

சட்டக வீதக் குறைவு என்பது, ஒரு கணினியில் முன்னர் சீராக ஓடிய விளையாட்டு, காலப்போக்கில் நொடிக்குக் குறைவான எண்ணிக்கையிலான படங்களையே திரையில் காட்டத் தொடங்கும் நிலையைக் குறிக்கும். விளையாடுவோர் வழக்கில் இது "எஃப்.பி.எஸ் குறைகிறது" எனச் சொல்லப்படுகிறது. பல ஆண்டுகள் பயன்பட்ட விளையாட்டுக் கணினிகளில் இது பரவலாகக் காணப்படுகிறது. கணினி பழையதாகிவிட்டதே காரணம் என்று எண்ணிப் புதிய கணினியையோ புதிய வரைகலை அட்டையையோ வாங்க முற்படுவோர் பலர். எனினும் மின்னணுச் சில்லுகள் வயதால் மட்டும் வேகம் குறைவதில்லை. தூசியும் வெப்பமும், மாறிப்போன அமைப்புகள், பின்னணி மென்பொருள்கள், விளையாட்டின் புதிய பதிப்பு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ காரணமாக இருக்கும். இவற்றுள் பலவற்றைச் செலவின்றியோ சிறு செலவிலோ சரிசெய்ய இயலும்.

சட்டக வீதமும் சட்டக நேரமும்

திரையில் தோன்றும் அசைவு, அடுத்தடுத்துக் காட்டப்படும் நிலைப் படங்களின் தொடராகும். இப்படம் ஒவ்வொன்றும் சட்டகம் எனப்படும். ஒரு நொடியில் காட்டப்படும் சட்டகங்களின் எண்ணிக்கை சட்டக வீதம் ஆகும். ஒரு சட்டகத்தை உருவாக்க ஆகும் காலம் சட்டக நேரம் ஆகும். திரைப்படங்கள் வழக்கமாக நொடிக்கு 24 சட்டகங்களைக் கொண்டவை. விளையாட்டில், விசையை அழுத்துவதற்கும் அதன் விளைவு திரையில் தோன்றுவதற்கும் இடையிலான தாமதமும் உணரப்படுவதால், 60 அல்லது அதற்கு மேற்பட்ட வீதம் விரும்பப்படுகிறது.

* நொடிக்கு 30 சட்டகங்கள்: ஒரு சட்டகத்திற்கு 33.3 மில்லிநொடி
* நொடிக்கு 60 சட்டகங்கள்: ஒரு சட்டகத்திற்கு 16.7 மில்லிநொடி
* நொடிக்கு 120 சட்டகங்கள்: ஒரு சட்டகத்திற்கு 8.3 மில்லிநொடி
* நொடிக்கு 144 சட்டகங்கள்: ஒரு சட்டகத்திற்கு 6.9 மில்லிநொடி

சராசரி வீதம் மட்டும் முழு நிலைமையைக் காட்டாது. ஒரு நொடியில் 54 சட்டகங்கள் தலா 16.7 மில்லிநொடியிலும், ஒரு சட்டகம் மட்டும் 100 மில்லிநொடியிலும் வரையப்பட்டால் அந்நொடியின் வீதம் 55 ஆகும். எண்ணளவில் இது நன்றாகத் தோன்றினும், அந்த ஒரு சட்டகம் கண்ணுக்குத் திக்கலாகத் தெரியும். எனவே வீதம் முழுவதும் குறைவதையும், இடையிடையே திக்குவதையும் இருவேறு சிக்கல்களாகக் கொள்ள வேண்டும்.

வீதம் திடீரெனப் பாதியாகக் குறைவதற்கு செங்குத்து ஒத்திசைவு எனும் வசதி காரணமாகலாம். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒவ்வொரு சட்டகமும் 16.7 மில்லிநொடிக்குள் ஆயத்தமாக வேண்டும். 16 மில்லிநொடியில் முடிந்த வேலை 17 மில்லிநொடியாக நீண்டால், அச்சட்டகம் அடுத்த புதுப்பிப்புவரை காத்திருக்க நேர்கிறது. எளிய வகை ஒத்திசைவில் இதனால் வீதம் 60 இலிருந்து 30 ஆகிவிடும். உண்மையில் கணினி இழந்திருப்பது மிகச் சிறிதளவு திறனே.

சில்லுகள் வயதாவதால் வேகம் குறையுமா

செயலியின் கடிகாரத் துடிப்பு, தாய்ப்பலகையில் உள்ள குவார்ட்சு படிகம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டது. அது ஆண்டுகள் செல்லச் செல்ல உணரத்தக்க அளவு மெதுவாவதில்லை. சில்லினுள் உள்ள திரிதடையங்கள் நெடுநாட் பயன்பாட்டில் சிறிதளவு தேய்வடைவது உண்டு. அத்தேய்வு எல்லை மீறும்போது கணினி உறைதல், தானாக நின்றுபோதல் போன்ற பிழைகளே தோன்றும்.

ஆயினும் தற்காலச் சில்லுகள் தம் வெப்பநிலைக்கும் கிடைக்கும் மின்திறனுக்கும் ஏற்பத் தம் வேகத்தைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் பென்டியம் 4 செயலி, அளவுமீறிச் சூடானால் தன் வேலையைத் தானே மட்டுப்படுத்தும் வசதியைக் கொண்டிருந்தது. 2001 இல் டாம்சு ஹார்டுவேர் இணையத்தளம் நடத்திய சோதனையில், குவேக் 3 விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே செயலிகளின் மேலிருந்த வெப்பநீக்கி அகற்றப்பட்டது. ஏ.எம்.டி நிறுவனத்தின் ஏத்லான் செயலி கருகியது. பென்டியம் 4 சட்டக வீதம் வீழ்ந்த நிலையில் தொடர்ந்து இயங்கியது. தூசி படிந்த பழைய கணினியில் நிகழ்வது இதன் மெல்லிய வடிவமே. வரைகலைச் சில்லுகளில், என்விடியா நிறுவனம் 2012 இல் வெளியிட்ட ஜிஃபோர்சு ஜி.டி.எக்சு 680 அட்டையுடன், சூழலுக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை அறிமுகமானது.

காரணங்கள்

வெப்பம்

செயலிக்கும் அதன் வெப்பநீக்கிக்கும் இடையே தெர்மல் பேஸ்ட் எனப்படும் பசை பூசப்படுகிறது. இரு உலோகப் பரப்புகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளைக் காற்றுக்குப் பதிலாக இப்பசை நிரப்புகிறது. காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும் என்பதால் இது இன்றியமையாதது. சூடாவதும் குளிர்வதும் பலமுறை நிகழ்கையில் பசை உலர்ந்தோ ஓரங்களுக்குத் தள்ளப்பட்டோ போகிறது. வெப்பநீக்கியின் தகடுகளுக்கிடையே தூசி கம்பளம்போல் படிந்து காற்றோட்டத்தைத் தடுக்கிறது. விசிறியின் உருளைத் தாங்கி தேய்ந்து சுழற்சியும் குறையலாம்.

அறையின் வெப்பநிலையும் முக்கியமானது. அறை 10 பாகை செல்சியசு சூடானால், அதே வேலையைச் செய்யும் சில்லும் ஏறத்தாழ 10 பாகை கூடுதலாகச் சூடாகும். மார்கழியில் சிக்கலின்றி ஓடிய கணினி சித்திரையில் திணறுவதற்கு இதுவே காரணமாகலாம்.

மாறிப்போன அமைப்புகள்

தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம், பெரும்பாலும் சி.ஆர் 2032 வகை, பல ஆண்டுகளில் தீர்ந்துவிடும். அதன்பின் மின் இணைப்பைத் துண்டிக்கும் ஒவ்வொரு முறையும் கணினியின் அடிப்படை அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பக்கூடும். இதனால் 3200 எனும் வேகத்தில் இயங்க அமைக்கப்பட்டிருந்த டி.டி.ஆர் 4 நினைவகம் 2133 அல்லது 2400 வேகத்தில் இயங்கத் தொடங்கலாம். கணினியின் நாளும் நேரமும் தவறாகக் காட்டுவது இதன் அறிகுறியாகும்.

இரண்டு நினைவகப் பலகைகளுள் ஒன்று தளர்ந்தால் நினைவகத்தின் அளவு பாதியாவதோடு, இரு தடங்களில் சென்ற தரவு ஒரு தடத்தில் மட்டுமே செல்லும். கணினியைத் தூய்மை செய்தபின் திரையின் வடத்தை வரைகலை அட்டைக்குப் பதிலாகத் தாய்ப்பலகையில் செருகிவிடுவதும் அடிக்கடி நிகழும் தவறு. அப்போது செயலியிலேயே அமைந்த வலுக்குறைந்த வரைகலைப் பகுதி விளையாட்டை வரைய நேரிடும்.

மென்பொருள்

காலப்போக்கில் நிறுவப்படும் மென்பொருள்களுள் பல, கணினியைத் தொடங்கும்போதே தாமும் தொடங்கிப் பின்னணியில் இயங்குகின்றன. நான்கு கருக்கள் மட்டும் கொண்ட பழைய செயலிகளில் இதன் பாதிப்பு மிகுதி. 2018 சனவரியில் வெளியான மெல்ட்டவுன், இசுபெக்டர் ஆகிய பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்களும் பழைய செயலிகளின் வேகத்தைச் சிறிது குறைத்தன. விளையாட்டுகளில் இவற்றின் தாக்கம் பொதுவாகக் குறைவு. வேகத்திற்காக இத்திருத்தங்களை நீக்குவது பாதுகாப்பற்றது.

வரைகலை அட்டைகளுக்கான இயக்கி மென்பொருளும் என்றென்றும் மேம்படுத்தப்படுவதில்லை. என்விடியாவின் கெப்ளர் தலைமுறை அட்டைகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான மேம்பாடுகள் 2021 இல் நிறுத்தப்பட்டன.

நினைவகமும் சேமிப்பும்

வரைகலை அட்டையின் சொந்த நினைவகம் நிறைந்துவிட்டால், மேற்பரப்புப் படங்கள் முதன்மை நினைவகத்தில் வைக்கப்பட்டு, வேகம் குறைந்த இணைப்பின் வழியே எடுக்கப்படுகின்றன. முதன்மை நினைவகமும் நிறைந்தால் இயங்குதளம் வன்தட்டைப் பயன்படுத்துகிறது. இரு நிலைகளிலும் சராசரி வீதத்தைவிடத் திக்கலே மிகுதியாகத் தெரியும்.

விளையாட்டே மாறுதல்

கணினி மாறாமல் விளையாட்டு மாறியிருக்கலாம். வால்வ் நிறுவனம் 2012 இல் வெளியிட்ட கவுண்டர்-இசுட்ரைக்: குளோபல் ஒஃபென்சிவ் விளையாட்டு, 2023 செப்டம்பர் 27 அன்று கவுண்டர்-இசுட்ரைக் 2 ஆக மாற்றப்பட்டது. அது இசோர்சு 2 எனும் புதிய விளையாட்டுப் பொறியில் அமைந்தது. முன்னதை விளையாடியவர்களின் கணினிகளில் அதே இடத்தில் புதியது இறங்கியது. பழைய கணினிகளில் வீதம் குறைந்ததற்குக் கணினியின் பழுது காரணமன்று. வேலையின் சுமை கூடியதே காரணம்.

காரணத்தைக் கண்டறிதல்

ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால் எது பலனளித்தது என்பது தெரியாது. எனவே அளந்து, ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் அளப்பதே முறையாகும். விண்டோசு இயங்குதளத்தில் பிரசன்ட்மான், எம்.எசு.ஐ ஆஃப்டர்பர்னர் ஆகியனவும், லினக்சில் மாங்கோஹட் என்பதும் சட்டக வீதத்தை அளக்கப் பயன்படும் மென்பொருள்களாகும்.

# விளையாட்டின் ஒரே காட்சியை, ஒரே அமைப்புகளில் ஓடவிட்டு வீதத்தையும், சில்லுகளின் வெப்பநிலையையும், துடிப்பு வேகத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.
# முதல் சில நிமிடங்களில் நன்றாக ஓடிப் பின்னர் வீதம் குறைந்தால், வெப்பமே முதல் ஐயத்திற்குரியது. வெப்பநிலை ஏறுவதும் துடிப்பு வேகம் இறங்குவதும் ஒருங்கே நிகழ்ந்தால் அது உறுதியாகிறது.
# தொடக்கத்திலிருந்தே குறைவாக இருந்தால் அமைப்புகளையும் பின்னணி மென்பொருள்களையும் ஆராய வேண்டும்.
# திரையின் பிரிதிறனை 1920×1080 இலிருந்து 1280×720 ஆகக் குறைத்துப் பார்க்க வேண்டும். வீதம் நன்கு கூடினால் தடை வரைகலை அட்டையில் உள்ளது. மாற்றமே இல்லையெனில் தடை பெரும்பாலும் செயலியிலோ நினைவகத்திலோ உள்ளது.
# காலப்போக்கில் மாறாத ஒரு சோதனை நிரலை ஓடவிட வேண்டும். 2009 இல் வெளிவந்த யுனிஜின் ஹெவன் இத்தகையது. அதே வன்பொருள் முன்பு பெற்ற அளவையே இப்போதும் பெற்றால் கணினி நலமாக உள்ளது. மாறியது விளையாட்டு எனலாம்.

சீர்செய்தல்

செலவற்ற வழிகளை முதலில் முயல்வது நன்று.

* செங்குத்து ஒத்திசைவை நிறுத்தியோ, நிழல்களின் தரத்தைக் குறைத்தோ பார்த்தல்
* தேவையற்ற பின்னணி மென்பொருள்களை நிறுத்துதல். மின் சேமிப்பு நிலை தேர்வாகியிருந்தால் மாற்றுதல்
* நினைவகத்தின் வேகத்தைச் சரிபார்த்தல். மின்கலம் தீர்ந்திருந்தால் மாற்றுதல்
* தூசியை நீக்குதல்
* செயலி, வரைகலை அட்டை ஆகியவற்றின் தெர்மல் பேஸ்ட்டைப் புதுப்பித்தல்
* வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி எனப்படும் திண்மநிலை வட்டைப் பொருத்துதல்

எஸ்.எஸ்.டி விளையாட்டு திறக்கும் நேரத்தையும் ஒருவகைத் திக்கல்களையும் குறைக்கும். வரைகலை அட்டையின் திறனை அது கூட்டாது.

தூய்மை செய்யுமுன் மின் இணைப்பை முற்றிலும் துண்டிக்க வேண்டும். கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை வெளியேற்ற வேண்டும். காற்றை ஊதும்போது விசிறி சுழலாதபடி பிடித்துக்கொள்ள வேண்டும். எஸ்.எம்.பி.எஸ் எனப்படும் மின்வழங்கியைத் திறத்தல் கூடாது. அதனுள் இருக்கும் மின்தேக்கிகள் இணைப்பைத் துண்டித்த பின்னரும் ஆபத்தான மின்னூட்டத்தைக் கொண்டிருக்கலாம்.

மடிக்கணினிகள்

மடிக்கணினிகளில் செயலியும் வரைகலைச் சில்லும் பெரும்பாலும் ஒரே வெப்பக் குழாய்களைப் பகிர்வதால், ஒன்றின் வெப்பம் மற்றதையும் மெதுவாக்கும். மெத்தை, போர்வை போன்றவற்றின் மேல் வைத்தால் அடிப்பக்கக் காற்று வழி அடைபடும். பழைய மின்னூட்டிக்கு மாற்றாகக் குறைந்த வாட்டுத் திறனுள்ளதை வாங்கிப் பொருத்தினாலும் கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளக்கூடும்.

சீரமைப்பின் எல்லைகள்

எல்லாக் குறைவும் பராமரிப்பால் தீர்வதில்லை. 2016 இல் வெளிவந்த ஜிஃபோர்சு ஜி.டி.எக்சு 1060 அட்டை, பல ஆண்டுகள் இசுடீம் தளத்தின் வன்பொருள் கணக்கெடுப்பில் முதலிடம் வகித்தது. 2020 நவம்பரில், எட்டுக் கருக்களும் திண்மநிலைச் சேமிப்பும் கொண்ட பிளேஸ்டேசன் 5, எக்சுபாக்சு சீரீசு எக்சு ஆகியன வெளிவந்தன. அதன்பின் விளையாட்டுகள் அவற்றின் திறனை அளவாகக் கொண்டு உருவாக்கப்படலாயின. 2024 டிசம்பரில் வெளிவந்த இண்டியானா ஜோன்சு அண்டு த கிரேட் சர்க்கிள், ஒளிக்கதிர்த் தடமறிதலை வன்பொருளிலேயே செய்யும் அட்டையைக் கட்டாயமாக்கியது. 1060 அட்டையில் அவ்வசதி இல்லை. அதனை எவ்வளவு தூய்மை செய்தாலும் இவ்விளையாட்டு அதில் ஓடாது.

இயங்குதளமும் ஓர் எல்லையாகும். இசுடீம் 2024 சனவரி 1 முதல் விண்டோசு 7, 8, 8.1 ஆகியவற்றுக்கான ஆதரவை நிறுத்தியது. விண்டோசு 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. 2015 இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-6500 போன்ற செயலிகள் விண்டோசு 11 ஆதரிக்கும் செயலிகளின் பட்டியலில் இல்லை.

இவ்வாறு, முன்னர் நன்றாக ஓடிய அதே பதிப்பு இப்போது மெதுவாக ஓடினால் குறை கணினியில் உள்ளது. பெரும்பாலும் அதனைச் சீர்செய்யலாம். புதிய விளையாட்டோ புதிய பதிப்போ மட்டும் மெதுவாக ஓடினால், அமைப்புகளைக் குறைப்பதோ தடையாக உள்ள பாகத்தை மட்டும் மாற்றுவதோ தீர்வாகும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்த பின்னரே புதிய பாகத்திற்குச் செலவிடுவது பொருத்தமானது.

இவற்றையும் பார்க்க

* வரைகலை அட்டை
* மையச் செயற்பகுதி
* திண்மநிலை வட்டு
* தாய்ப்பலகை
* நிகழ்பட விளையாட்டு