காவலூரில் கண்டதும் கருதியதும்

போளூரில் நின்று மேற்கே நோக்குவார்க்குச் சவ்வாது மலைத்தொடர் நீல மதிலெனத் தோன்றும். சாமையும் தேனும் சந்தனமும் தந்து பெயர்பெற்ற மலை இது. இம்மலைப் பகுதியைத் தமிழிலக்கியம் நெடுங்காலமாகவே அறியும். பெருங்கௌசிகனார் மலைபடுகடாத்தில் பாடிய நவிரமலை, போளூர்க்கு அண்மையிலுள்ள பருவதமலையே என்பது அறிஞர் பலர் கருத்து. அந்நூல் ஓர் ஆற்றுப்படை. தான் சென்று கண்ட வழியை, அதன் இடர்களையும் மறையாது, பின்வருவானுக்கு எடுத்துரைப்பது ஆற்றுப்படையின் இயல்பு. இவ்வியல்பினை நினைவிற்கொண்டு, இதே மலைத்தொடரில் அண்மைக்காலத்தில் நிகழ்ந்த அறிவியல் வரலாறு ஒன்றனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆலங்காயத்தை அடுத்து, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் அமைந்த சிற்றூர் காவலூர். வானியல் அறிஞர் வைணு பாப்பு தெளிந்த இரவு வானத்தை நாடி இவ்விடத்தைத் தேர்ந்தார். நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் இருத்தலின் தென்வானத்தின் பெரும்பகுதியும் இங்கிருந்து புலப்படும். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றுடன் இங்குப் பணி தொடங்கிற்று. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பெற்றது.

‘யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டது எங்கள் மலை’ என்று இப்பகுதியினர் பெருமையுடன் கூறுவதுண்டு. அக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் அது பாதி வரலாறே. மறுபாதியை அறிந்தாலன்றி அறிவியல் என்பது யாது என்பது விளங்காது.

யுரேனஸ் தொடக்கமுதலே பிழையாக அறியப்பட்ட கோள். 1690இல் பிளாம்ஸ்டீடு என்னும் ஆங்கில வானியலார் அதனைக் கண்டார். கண்டும் விண்மீன் எனப் பட்டியலிட்டார். 1781 மார்ச் 13இல் வில்லியம் ஹெர்ஷல் அது விண்மீனன்று எனத் தெளிந்தார். ஆயினும் வால்மீன் என்றே அறிவித்தார். லெக்செல் முதலான கணிதவல்லார் அதன் பாதையைக் கணக்கிட்டு, சனிக்கும் அப்பால் ஏறத்தாழ வட்டநெறியில் இயங்குவது அது என்று காட்டிய பின்னரே, கோள் என்னும் பெயர் அதற்கு உறுதியாயிற்று. ஹெர்ஷல் கண்டது பொய்யன்று. கண்டதற்கு இட்ட பெயரே பொருந்தாதாயிற்று.

ஏறத்தாழ இருநூறாண்டு கழித்து அதே கோள் மீண்டும் ஒரு சோதனை வைத்தது. கோள் ஒன்று தன் வழியிற் செல்லுங்கால், அதற்கு மிக அப்பாலுள்ள விண்மீன் ஒன்றை நம் பார்வையினின்றும் மறைத்தல் உண்டு. 1977 மார்ச் 10 அன்று, நம் நாட்டுக் கணக்கில் 11ஆம் நாள் விடியுமுன், யுரேனஸ் அத்தகைய மறைப்பினை நிகழ்த்தும் என முன்னரே கணிக்கப்பட்டிருந்தது. விண்மீனின் ஒளி குன்றி மறையும் பாங்கினை அளந்தால் கோளின் விட்டத்தையும் வளிமண்டலத்தையும் அறியலாம். அதன்பொருட்டே காவலூரிலும், ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும், பிற இடங்களிலும் தொலைநோக்கிகள் ஆயத்தமாயின. அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் எலியட் குழுவினர் தொலைநோக்கி பொருத்திய வானூர்தியில் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்தனர். வளையத்தைத் தேடிச் சென்றார் எவருமிலர்.

காவலூர்க் கருவியில், கோளின் விளிம்பிற்கு வெளியே, விண்மீனின் ஒளி சில நொடி மங்கிப் பின் மீண்டது பதிவாயிற்று. இடையே ஏதோ ஒன்று குறுக்கிட்டது என்பதில் ஐயமில்லை. அது யாது? ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதனை ஆராய்ந்து, யுரேனசின் அதுவரை அறியப்படாத துணைக்கோள் என்று எழுதினர். கையிலிருந்த சான்றுக்கு அது பொருந்தாத முடிபன்று. வானூர்தியில் இருந்தோர்க்கும் முதலில் சிறு துணைக்கோள்களின் கூட்டம் என்ற எண்ணமே எழுந்தது. ஆனால் அவர்தம் பதிவில், கோள் விண்மீனை மறைக்குமுன் ஐந்து மங்கல்களும் மறைத்தபின் ஐந்து மங்கல்களும் இருந்தன. இரு பக்கத்து இடைவெளிகளும் ஒத்திருந்தன. தனித்தனி நிலாக்கள் இவ்வாறு இருபுறமும் அணிவகுத்தல் அரிது. கோளைச் சூழ்ந்த வளையங்களாயின் இயல்பாகவே அமையும்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. 1977 மே மாதத்தில், நேச்சர் ஆய்விதழின் ஒரே இதழில், எலியட் குழுவின் வளையக் கட்டுரையும், பெர்த் குழுவின் வளையக் கட்டுரையும், காவலூரின் துணைக்கோள் கட்டுரையும் அடுத்தடுத்து வெளியாயின. மூன்றனையும் ஒருசேர வைத்துப் பயின்றோர்க்கு, காவலூரில் நிலாவெனக் கருதப்பட்டது அவ்வளையங்களுள் புறத்தே அமைந்ததும் ஒளியை மிகுதியும் தடுப்பதுமான எப்சிலான் வளையமே எனப் புலனாயிற்று. அவ்வாண்டிலேயே பட்டாச்சார்யாவும் பாப்புவும் அதே இதழில் யுரேனசின் வளைய அமைப்பைப் பற்றி எழுதினர். பழைய முடிபினை அவர்கள் பற்றிக்கொண்டிருக்கவில்லை. 1986 சனவரி 24இல் வாயேஜர்-2 கலம் யுரேனசை அணுகிச் சென்றபோது அவ்வளையங்களைப் படம்பிடித்து அனுப்பிற்று.

மணிமேகலையைப் பயின்றோர்க்கு இவ்வரலாறு புதுமையாகத் தோன்றாது. சமயக்கணக்கர் அளவைகளை எடுத்துரைக்கும் பகுதியும், அறவண அடிகள் காட்சியும் கருதலுமாகிய இரண்டினை விளக்கும் பகுதியும் அக்காப்பியத்தில் உள்ளன. கருதல் வழுவும் இடங்கள் யாவை என்பதும் அங்கே வகுத்துரைக்கப்படுகின்றது. அவ்வளவுகோல் கொண்டு நோக்கின், காவலூரில் காட்சி வழுவவில்லை, கருதல் வழுவிற்று. கருதலின் வழுவை நீக்கியது ஒருவரது அதிகாரமன்று. வேறிடத்தில் நின்ற பிறருடைய காட்சிகளே அதனை நீக்கின.

சுவடிப் பதிப்பினை அறிந்த நமக்கு இஃது எளிதில் விளங்கும். ஓர் ஏட்டில் சிதைந்த எழுத்தினை மற்றோர் ஏடு காட்டும். ஏடுகள் வேறுபடும் இடத்திலேயே பதிப்பாசிரியரின் ஆராய்ச்சி தொடங்கும். வானத்தை வாசித்தோரும் அவ்வாறே ஒப்புநோக்கினர். எப்சிலான் வளையத்தின் அளவீடுகள் இடத்துக்கிடம் வேறுபட்டதை அவர்கள் கருவியின் பிழையென ஒதுக்கவில்லை. ஆராய்ந்தபோது, அவ்வளையமே ஓரிடத்தில் சுமார் 20 கி.மீ. அகலமும் மற்றோரிடத்தில் சுமார் 96 கி.மீ. அகலமும் உடைய நீள்வட்டம் என்பது தெரியவந்தது. வேறுபாடே புதிய உண்மைக்கு வாயிலாயிற்று.

வகுப்பில் இவ்வரலாற்றைக் கூறியபோது மாணவர் ஒருவர், “அப்படியானால் நம்மவர் தவறிவிட்டனரா அம்மா?” என வருத்தத்துடன் வினவினார். ஆம், தவறினர். ஆயினும் எவ்விடத்தில் நின்று, எந்நேரத்தில், எக்கருவியால், எத்துணை நொடி கண்டனர் என்பதையெல்லாம் பிறர் சரிபார்க்குமாறு எழுதிவைத்தனர். முடிபு வீழ்ந்த பின்னும் அப்பதிவு வீழவில்லை. வளையங்களுக்குச் சான்றாக நின்றது. காவலூரின் பெருமை இதில்தான் உள்ளதென்று அவருக்கு விடையிறுத்தேன். நிலாவென எழுதியதை மறைத்துவிட்டு வளையத்தை மட்டும் பேசுவோமாயின், அவ்வறிஞர்களின் நேர்மையையே நாம் மறைத்தவராவோம்.

அறிவியல் நூலும் ஒருவகை ஆற்றுப்படையே. ‘நான் இவ்வழிச் சென்றேன், இது கண்டேன், நீயும் சென்று காண்க’ என்பதே அதன் குரல். பின்சென்றவன் வேறொன்று கண்டு மீள்வானாயின், முன்சென்றவன் அதற்குச் செவிகொடுத்தல் வேண்டும். பத்தாண்டு நிறைவெய்தும் நம் இலக்கிய வட்டத்திலும், அரங்கேறிய பாடலில் ஒரு சொல் பொருந்தாதென்று இளையவர் ஒருவர் எழுந்து கூறும் வேளை உண்டு. அவ்வேளையில் நாம் இம்மலையையும், அதில் விழித்திருந்து கண்டோரையும், கண்டபின் திருத்திக்கொண்டோரையும் நினைத்தல் நன்று.