விழுந்தெழுந்த கணனி

1969ஆம் ஆண்டு யூலை 20ஆம் திகதி, நீல் ஆம்ஸ்ரோங்கும் எட்வின் ஓல்ட்ரினும் சந்திரத்தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த வேளையில், அவர்களை வழிநடத்திய கணனி ஐந்து தடவை தன் வேலையை நிறுத்தி மீளத் தொடங்கிற்று. 1202, 1201 என்னும் அபாயக் குறியீடுகளைப் பலரும் அறிவர். ஐந்து தடவை நின்ற கணனி இறங்கும் பணியை எவ்வாறு மறவாதிருந்தது என்பதோ அத்துணை பேசப்படுவதில்லை.

மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் கருவியியல் ஆய்வுகூடம் வடிவமைத்த அக்கணனியில் மாற்றியெழுதத்தக்க நினைவகம் 2,048 சொற்களே. அது நுண்ணிய காந்த வளையங்களால் ஆனது. மின்சாரம் அற்றாலும் வளையத்தின் காந்தநிலை மாறாது. ஆனால் வாசிக்குந்தோறும் அதிலுள்ளது அழியும். வாசித்ததை உடனே திரும்ப எழுதுதல் வேண்டும். இவ்விரு செயல்களுக்கும் இடையே மின்சாரம் அறுந்தால் அச்சொல் தொலைந்தது தொலைந்ததே. ஆகையால் இத்தகைய கணனிகளில் நின்றுபோவதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டியிருந்தது: அழுத்தம் தாழ்வதை முன்னுணர்ந்து, கையிலுள்ள வாசிப்பை முடித்து, அதன்பின்னரே நிற்றல்.

இதனினும் கடியது, எழும்போது எங்கிருந்து தொடங்குவது என்னும் வினா. கலத்தின் வேகத்தோடு ஒரு மாற்றத்தைக் கூட்டி எழுதிய மறுகணமே கணனி நின்று, அப்படியை மீளச் செய்யுமாயின், அம்மாற்றம் இருமுறை கூட்டப்பட்டுவிடும். எனவே விடை முதலில் தற்காலிக இடமொன்றில் எழுதப்பட்டது. பின்னர் படி முடிந்தமைக்கு ஓர் அடையாள எண் பதிக்கப்பட்டது. அதன்பின்னரே விடை உரிய இடத்துக்குப் பெயர்க்கப்பட்டது. பெயர்த்தெழுதுதலை எத்தனை முறை செய்தாலும் கேடில்லை அன்றோ! அடையாள எண்ணுடன் அதன் மறை எண்ணும் சேர்த்தே வைக்கப்பட்டது. மீள எழும் கணனி இரண்டையும் ஒப்பிடும். பொருந்தினால் குறித்த படியிலிருந்து தொடரும். பொருந்தாவிடின் நினைவை நம்பாது புதிதாய்த் தொடங்கும்.

யூலை 20இல் நேர்ந்தது மின்தடையன்று. சந்திப்பு றேடாரின் கோணமானிகளுக்கும் அவற்றை வாசித்த சுற்றுக்கும் வெவ்வேறு மின்வழங்கல்கள் இருந்தன. மீடிறன் ஒன்றாயினும் அவத்தை ஒன்றன்று. அதனாற் பிறந்த பயனற்ற துடிப்புகள் கணனியின் நேரத்தில் ஏறத்தாழ 13 வீதத்தை விழுங்கின. முடியாத வேலைகள் குவிந்து இடம் நிரம்பவே கணனி யாவற்றையும் கைவிட்டு மீளத் தொடங்கியது. அடையாளம் பெற்றிருந்த வழிநடத்தற் பணி தொடர்ந்தது. பெறாத சில்லறை வேலைகள் உதிர்ந்தன. மின்தடையை எண்ணி அமைத்த ஏற்பாடு, எவரும் எண்ணாத இடரில் இருவர் உயிருக்குத் துணைநின்றது.

மின்தடையும் நெடுநாள் காத்திருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் 14இல் மேலெழுந்த அப்பலோ 12ஐ முதல் நிமிடத்துக்குள்ளேயே இருமுறை மின்னல் தாக்கிற்று. எரிபொருட் கலங்களின் இணைப்பு அறுந்தது. திசைகாட்டும் சுழல்மேடை நிலைகுலைந்தது. கணனியின் நினைவகம் தப்பியது. ஆனால் மேடையின் திசையை எந்த நினைவகமும் மீட்டுத்தர இயலாது. வீரர்கள் புவியைச் சுற்றியவாறே விண்மீன்களைக் குறிபார்த்து அதனை மீள நிறுத்தினர்.