எம்டனை எதிர்த்த துப்பாக்கி

கண்டிப்பான ஆள் என்றால் எங்கள் வீட்டில் 'எம்டன்'. பாட்டி தன் மாமனாரைப் பற்றிப் பேசும்போது, "சரியான எம்டன்டா அவர்" என்று குரலைத் தாழ்த்திக்கொள்வாள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டுமாரி பொழிந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் கப்பல், நம் பேச்சில் இப்படிக் குடியேறிவிட்டது. உயர் நீதிமன்ற மதிலில் அதற்கொரு கல்வெட்டும் உண்டு. அடுத்த மாதமே அதை எதிர்த்து மூழ்கிய பிரெஞ்சு நாசகாரியின் பெயர் இங்கே யார் வாயிலும் தங்கவில்லை. 'மூஸ்கே'. பழங்காலத் துப்பாக்கி என்று பொருள்.

நாசகாரி என்ற பெயரில் இருக்கும் மிரட்டல் கப்பலில் இல்லை. 1902இல் நீரில் இறங்கிய மூஸ்கேயின் நீளம் 56 மீட்டர், எடை சுமார் 300 டன். இருட்டில் நெருங்கி டார்பிடோ விட்டுவிட்டு ஓடுவதற்கென்று கட்டிய மெல்லிய உடம்பு. பெரிய பீரங்கி என்று இருந்தது ஒன்றுதான், 65 மி.மீ. எம்டனில் 105 மி.மீ. பீரங்கிகள் பத்து.

அக்டோபர் 28 விடியற்காலை, மூன்று புகைபோக்கிகளோடு பொய்யாக நாலாவதையும் நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல்போல எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. ரஷ்யக் கப்பல் ஜெம்சூக்கை டார்பிடோவால் மூழ்கடித்தது. ஜெம்சூக்கின் கேப்டன் அப்போது கரையில் இருந்தார். எம்டன் வெளியேறும்போது, ரோந்து போயிருந்த மூஸ்கே எதிரே வந்தது. சில நிமிடச் சண்டை. மூஸ்கேயும் சுட்டது, டார்பிடோவும் விட்டது. பிறகு மூழ்கியது. கேப்டன் தெரோவான் கப்பலோடு போனார்.

எம்டன் கேப்டன் வான் முல்லர் படகுகளை இறக்கி 36 பேரை மீட்டார். காயத்தால் இறந்தவர்களைப் பிரெஞ்சுக் கொடி போர்த்தி, ராணுவ மரியாதையோடு கடலில் அடக்கம் செய்தார். மற்றவர்களை வழியில் மறித்த ஒரு பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் ஏற்றி, சுமத்ராவை ஒட்டிய சபாங்குக்கு அனுப்பினார். நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே எம்டனின் கதையும் முடிந்தது.

மாமனார் கூடாதென்று சொல்லியும், பாட்டி என் அத்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். இரண்டு வருஷம் அவர் பாட்டியோடு பேசவில்லையாம். மாமனாரைச் சொல்ல எங்களிடம் ஒரு வார்த்தை இருக்கிறது. பாட்டியைச் சொல்லத்தான் இல்லை.