கைக்கு வருமுன் கழிந்த காசு

அமெரிக்காவில் 1942-இல்கூட வருமான வரி பிடிக்காமலே சம்பளம் கைக்கு வந்தது. வருமான வரியை மறு வருஷம், மார்ச் மாதம் தொடங்கித் தவணையாகக் கட்டினால் போதும். செலவழித்த காசுக்கு வரி எங்கிருந்து வரும், சொல்லுங்கள்? பணக்காரர்கள் மட்டும் கட்டியவரை சிக்கலில்லை. இரண்டாம் உலகப் போர் வந்து, சாதாரணத் தொழிலாளியிடமும் வரி கேட்டபோதுதான் தலைவலி!

'மேசீஸ்' கடையின் பொருளாளர் பியர்ட்ஸ்லி ரம்ல் ஒரு வழி சொன்னார்: சம்பளம் கொடுக்கும்போதே முதலாளி பிடித்துக்கொள்ளட்டும். சரி, பழைய வருஷ பாக்கி? இரண்டையும் சேர்த்து யாரால் கட்ட முடியும்! 'ஒரு வருஷ வரியைத் தள்ளுபடி செய்யுங்கள்' என்றார். பணக்காரர்களுக்குத்தான் லாபம் என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் முரண்டுபிடித்தார். கடைசியில் முக்கால் பங்கு தள்ளுபடி. 1943 ஜூலை 1 முதல் பிடித்தம் ஆரம்பம்.

அந்தத் திட்டத்துக்காகக் கருவூலத்தில் உழைத்த இளைஞர் மில்டன் ஃப்ரீட்மன். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய பொருளாதார மேதை. அரசாங்கம் இப்படி ஊதிப் பெருக நாமும் காரணமாகிவிட்டோமே என்று வருந்தினார்.

ஏன் வருத்தம்? கையில் வாங்கிக் கொடுத்தால் வலிக்கும். வாங்காமலே போனால் வலிப்பதில்லை. ரிட்டர்ன் என்பது வருஷக் கடைசிக் கணக்குத் தீர்ப்பு, அவ்வளவே. கூடுதலாகப் பிடித்தது ரீஃபண்டாகத் திரும்பும்போது பரிசு விழுந்த மாதிரி சந்தோஷம் வருகிறதே... அது யார் வீட்டுப் பணம்?